மூக்கு டூட்டி

நாளைக்கு யார் மூக்கு என்பதை முந்தின நாள் ஷிஃப்ட் முடியும்போதே முடிவு செய்துவிடுவார்கள். அதற்கு ரெஜிஸ்டர் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கை கழுவும் தொட்டியருகே யாராவது ஒருவர், "திலகா, நாளைக்கு நீ" என்பார். அவ்வளவுதான். மறுநாள் திலகவதி தலையில் பூ வைக்கமாட்டாள். முகத்துக்குப் பவுடர் போடமாட்டாள். காலையில் பழைய சோற்றுக்கு வெங்காயம் கடிக்கமாட்டாள். கேன்டீனில் எல்லோரும் டீ குடிக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

கடலூருக்குத் தெற்கே கடல் பாதி தின்றுவிட்ட சாலையோரத்தில் இருந்தது அந்த கெமிக்கல் கம்பெனி. அங்கே குளோரின் வாயு பெரிய இரும்பு உருளைகளில் வரும். டன்னர் என்பார்கள். காலியான டன்னரைக் கழற்றி நிறைந்ததை மாட்டும் அந்தப் பத்து நிமிடம்தான் ஆபத்து. வாயு கசிந்தால் காட்டுவதற்கு மீட்டர் ஒன்று சுவரில் இருந்தது. ஒரு காலத்தில் அது அடிக்கடி கத்தும். கத்தினால் வேலை நிற்கும். நான்கு வருடத்துக்கு முன்னால் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து அதைத் திறந்து என்னவோ செய்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து பச்சை விளக்கும் சைபரும்தான். மழை பெய்தாலும் சைபர், கண் எரிந்தாலும் சைபர்.

அதற்குப் பிறகு தொழிலாளர்கள் தாங்களாகவே ஏற்படுத்திக்கொண்டதுதான் மூக்கு டூட்டி. ஒருவர் வால்வில் குனிந்து வேலை செய்வார். எட்டடி தள்ளி இன்னொருவர் ஸ்பேனரோடு நிற்பார். முதல் நெடி மூக்கில் பட்டதும் பக்கத்துக் குழாயில் மூன்று தட்டு. சத்தம் கேட்டதும் வால்வில் இருப்பவர் என்ன ஏது என்று திரும்பிப் பார்க்காமல் காற்று வரும் திசையில் ஓடவேண்டும். நான்கு வருடத்தில் பதினேழு முறை தட்டியிருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

இதில் ஒரு விதி உண்டு. மூக்கு இல்லாதவர்களுக்கு வால்வு.

ரோசலினுக்கு மூக்கு இல்லை. ஏதோ ஒரு காய்ச்சலில் வாசனை போனது, திரும்பி வரவில்லை. அதனால் அவள் நிற்பது எப்போதும் வால்வில்தான். அதனால் அவளுக்கு தினமும் டீ.

"பொறாமையா இருக்குதா?" என்று ரோசலின் திலகவதியின் முகத்துக்கு நேரே ஊதி ஊதிக் குடிப்பாள்.

"குடி, குடி. ஏலக்காய் போட்டானா இல்லையான்னு நான்தான உனக்குச் சொல்லணும்."

"போட்டிருக்கானா?"

"இல்ல."

"பாவி. போட்டிருக்கேன்னு சூடத்தை அடிக்காத குறையா சொன்னான்டி."

திலகவதிக்கு முப்பத்திரண்டு வயது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் கெமிக்கல் பிளாண்ட் படிப்பு, பிறகு பதினோரு வருடம் வேலை. புருஷன் விட்டுப் போய் ஐந்து வருடம். மகள் சாதனாவுக்கு ஏழு வயது. இந்தக் காற்றிலேயே பிறந்து இந்தக் காற்றிலேயே இழுப்பு வாங்கிக்கொண்ட பிள்ளை. பள்ளிக்கூடப் பையில் பென்சில் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்ஹேலர் இருக்கும். "இந்த ஊரை விட்டுப் போங்கம்மா. இதுக்கு மருந்து அதுதான்" என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிவிட்டது.

போவதற்கு வழி இருந்தது. வடக்கே ஐரோப்பாவில் ஒரு துறைமுக ஊரில் ஆள் கேட்டார்கள். ஆபரேட்டராகப் போனால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஹெல்பராகப் போனால் தனியாகத்தான் போகவேண்டும். நம் ஊர் ஐ.டி.ஐ. சான்றிதழ் அங்கே செல்லாது என்பதால் எத்தனை வருடம் வேலை செய்தவர்களும் ஹெல்பராகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். இப்போது சென்னையில் தொழில்திறன் ஏற்பு மையம் என்று ஒன்று திறந்திருந்தார்கள். அங்கே காகிதம் கேட்பதில்லை. ஆளையே உட்காரவைத்து, கை என்ன செய்கிறது, கால் என்ன செய்கிறது, மூளை எதைப் பார்த்து எதை முடிவு செய்கிறது என்று கருவியே அளந்துவிடும். அளவு சரியாக இருந்தால் எந்த நாட்டுக்காரன் ஆனாலும் ஆபரேட்டர்.

முதல் முறையாகத் தன்னைக் காகிதம் இல்லாமல் பார்க்கப்போகிறார்கள் என்று திலகவதி சந்தோஷமாகத்தான் போனாள்.

தலையில் மெல்லிய தொப்பி, முகத்தில் முகமூடி. கண்ணெதிரே நிஜம் போலவே ஒரு பிளாண்ட் வந்தது. முகமூடிக்குள் சின்னச் சின்ன நெடிகளும் வந்தன. நாற்பது சோதனை. நாற்பதிலும் கசிவை மீட்டர் காட்டுவதற்கு முன்பே அவள் நகர்ந்துவிட்டாள். முடித்துவிட்டு வெளியே வந்தபோது முதல் வகுப்பு நிச்சயம் என்று நினைத்தாள்.

மதிப்பீட்டாளர் பெயர் தாமோதரன். அதிர்ந்து பேசாதவர். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"ஏற்க இயலாது" என்று இருந்தது.

"ஏன் சார்? ஒண்ணுகூட விடலையே."

"விடலம்மா. எனக்கே ஆச்சரியம். ஆனா நாப்பதுலயும் மீட்டர் காட்டறதுக்கு முன்னாடியே நகந்துட்டீங்க. அங்க விதி என்னன்னா, மீட்டரைப் பாக்கணும், அது சொன்னாத்தான் நகரணும். மீட்டரை நம்பாத ஆளை அவங்க ஆபரேட்டர்னு ஏத்துக்க மாட்டாங்க."

"மூக்குல வந்துடுச்சே சார். வந்தப்புறம் மீட்டரை என்னத்துக்குப் பாக்கிறது?"

"அவங்க கணக்குல மூக்கு ஒரு கருவி இல்லம்மா. கெட்ட பழக்கம்."

தாமோதரன் குரலை இன்னும் தணித்துக்கொண்டார்.

"இதுக்குத் திருத்தம் இருக்கு. மூணு வாரம் இங்கயே தங்கணும். இதே தொப்பிதான். நெடி வந்ததும் உங்க கால் நகரப் பாக்கும் இல்லையா, அந்த நேரத்துல சின்னதா ஒரு கரண்ட். வலிக்காது. கொஞ்ச நாள்ல அந்த இணைப்பு விட்டுப்போயிடும்."

"வாசனை போயிடுமா?"

"சேச்சே. வாசனையெல்லாம் வரும். மல்லிகைப் பூ, மீன் குழம்பு, எல்லாம் வரும். வாசனையைக் கேட்டு நீங்க எதுவும் செய்யமாட்டீங்க, அவ்வளவுதான். மீட்டரைப் பாப்பீங்க."

"திரும்ப வேணும்னா வருமா?"

"இதுவரைக்கும் யாரும் திரும்ப வேணும்னு கேட்டதில்லம்மா" என்றார் தாமோதரன்.

அதற்குப் பிறகு தொண்ணூறு நாள் சொந்த வேலையிடத்தில் கையில் பட்டை கட்டிக்கொண்டு வேலை செய்யவேண்டும். பட்டை எல்லாவற்றையும் பதிவு செய்யும். வேலையிடத்தில் மீட்டர்கள் சரியாக இருக்கின்றன என்று கம்பெனி ஒரு கடிதம் கொடுக்கவேண்டும். கம்பெனி உடனே கொடுத்துவிட்டது.

மூன்று வாரம் முடிந்து திரும்பி வந்த அன்று ரோசலின் அவளைக் கேன்டீனில் பிடித்துக்கொண்டாள்.

"தலையில கரண்ட் விட்டாங்களாமே. எங்க, பாப்போம்." முடியை விலக்கிப் பார்த்தாள். "ஒண்ணும் காணோம். உள்ள இருந்தது கொஞ்சம்தான், அதுவும் போச்சா?"

"உனக்கு வைக்கச் சொல்லி அனுப்பிட்டேன்."

"வெளையாடாதடி. மூக்கு இருக்குதா?"

திலகவதி குனிந்து அவள் டம்ளரை முகர்ந்தாள். "இன்னைக்கு ஏலக்காய் போட்டிருக்கான்."

"அப்பாடா" என்று ரோசலின் மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள். "வேற யாரு நின்னாலும் எனக்கு முதுகு கூசும்டி. நீ நின்னாத்தான் நான் நிம்மதியா குனிவேன்."

திலகவதி பொய் சொல்லவில்லை. வாசனை வந்தது. வீட்டில் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்திருந்தாள்: கருவாடு, பினாயில், சாதனாவின் தலை. எல்லாம் வந்தது.

நாலாம் நாள் மாலை அடுப்பில் பால் பொங்கி நெருப்பு அணைந்துவிட்டது. திலகவதி பக்கத்திலேயே நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த சாதனா உள்ளே ஓடி வந்து எக்கி நின்று குமிழைத் திருப்பி மூடினாள்.

"என்னம்மா நீ? கேஸ் நாத்தம் வருதே, தெரியல?"

"தெரிஞ்சுதே" என்றாள் திலகவதி.

நிஜமாகவே தெரிந்திருந்தது. கேஸ் என்று பெயர்கூட மனதில் வந்துபோயிருந்தது. ஆனால் அது, பக்கத்து வீட்டில் யாரோ யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. கீரையைக் கீழே வைத்துவிட்டு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைத் தேடுகிறோம் என்று பிறகுதான் புரிந்தது. மீட்டரை.

அன்றைக்கே புரிந்துவிட்டது. மறுநாள் ஷிஃப்டில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் திட்டமாட்டார்கள், ஹெல்மெட்டைத் தட்டி, "சரி, இனிமே நீயும் வால்வு" என்பார்கள். விதி அதுதானே. திலகவதி வால்வை நினைத்துப் பார்த்தாள். சாதனாவை நினைத்துப் பார்த்தாள். இன்னும் எண்பத்தாறு நாள். பதினேழு தட்டு விழ நான்கு வருடம் ஆகியிருக்கிறது. எண்பத்தாறு நாளில் என்ன வந்துவிடப்போகிறது?

கை கழுவும் தொட்டியருகே யாரோ, "திலகா, நாளைக்கு நீ" என்றார்கள். தலையாட்டினாள். மறுநாள் பூ வைக்கவில்லை, வெங்காயம் கடிக்கவில்லை, டீயும் குடிக்கவில்லை. அதையெல்லாம் முன்பைவிட ஒழுங்காகவே செய்தாள்.

எழுபத்தோராம் நாள் காலை பத்தரை மணிக்கு டன்னர் மாற்றினார்கள். புது ஈய வாஷர் ஸ்டோரில் இல்லை. பழையதையே தேய்த்துப் போடச் சொன்னார்கள். ரோசலின் அதைக் கையில் வைத்துத் திலகவதியிடம் காட்டினாள்.

"பாரு, என் மாமியார் வளையல் மாதிரி இருக்குது. நல்லா மோந்துக்கிட்டு நில்லு."

குனிந்து மாட்டினாள். வால்வைக் கால் சுற்றுத் திறந்தாள்.

நெடி வந்தது. பிளீச்சிங் பவுடர் மூட்டையை முகத்தருகே திறந்தது போல வந்தது. குளோரின் என்று திலகவதிக்குத் தெரிந்தது. ரோசலின் குனிந்திருப்பது தெரிந்தது. தன் கையில் ஸ்பேனர் இருப்பதும், அரை அடியில் குழாய் இருப்பதும் தெரிந்தது. தெரிந்தவையெல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்று இன்னொன்றைத் தள்ளவில்லை. கழுத்து தானாகத் திரும்பி மீட்டரைப் பார்த்தது. பச்சை விளக்கு. சைபர். மனம் குளிர்ந்துபோய் அமைதியாக இருந்தது. பயிற்சியில் சொன்ன விதிப்படி பத்து நொடி கழித்து மறுபடி பார்த்தாள். சைபர். தட்டு, தட்டு என்று உள்ளே யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது தனக்குச் சொல்வதாக அவளுக்குப் படவில்லை.

சத்தம் வராததால் ரோசலின் இன்னும் ஒரு சுற்றுத் திறந்தாள்.

மஞ்சளும் பச்சையுமாக அது கண்ணுக்குத் தெரிந்தபோது, தூரத்தில் ஏணியில் நின்ற பெயிண்டர் ஒருவன் கூச்சல் போட்டு ஓடிவந்தான். அப்போதும் திலகவதி மூன்றாம் முறையாக மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று ரோசலின் பக்கம் அடித்ததால் திலகவதிக்கு இருமலோடு போயிற்று. ரோசலின் சாகவில்லை. நுரையீரல் வெந்துபோயிருந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டாம் நாள்தான் பேச விட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஆக்சிஜன் குழாய் சீறியது.

"ஏண்டி" என்றாள். மூச்சு வாங்கினாள். "நீ தட்டுவேன்னு நெனச்சேன்."

திலகவதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். தொப்பியை, கரண்டை, கேஸ் அடுப்பை. வால்வுக்குப் பயந்ததையும் சொன்னாள். ரோசலின் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"டீயை மோந்து பாத்தியே" என்றாள் கடைசியில். "ஏலக்காய் போட்டிருக்கான்னியே."



அடுத்த வாரம் கம்பெனியில் விசாரணை. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி, வெளியிலிருந்து வந்த ஒரு இன்ஸ்பெக்டர். மீட்டர் செத்துக் கிடப்பதை ஷிஃப்டில் மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அதிகாரி, மீட்டர்கள் சரியாக இருக்கின்றன என்று மையத்துக்குக் கம்பெனி கொடுத்த கடிதத்தின் நகலை எடுத்து வைத்தார். பிறகு திலகவதியின் கையிலிருந்த பட்டையைக் காட்டினார்.

"சார், இது வெளிநாட்டு வேலைக்குச் சோதிக்கிற மையம் கட்டினது. எங்க கை இதுல படவே முடியாது. பதிவைப் பாருங்க. எட்டடி தூரத்துல பயிற்சி பெற்ற ஆபரேட்டர் நின்னிருக்காங்க. மூணு தடவை மீட்டரைப் பாத்திருக்காங்க. நாடித்துடிப்பு எழுபத்திரண்டு. கசிவு இருந்திருந்தா ஒரு ஆள் இப்படி நிப்பாங்களா?"

இன்ஸ்பெக்டர் பதிவைப் பார்த்தார். பிறகு திலகவதியைப் பார்த்தார்.

"இந்தப் பதிவு சரியாம்மா?"

பட்டையின் திரையிலும் அதே கேள்விதான் அன்று காலையிலிருந்து மின்னிக்கொண்டிருந்தது. அந்த நாளின் பதிவை மையம் தனியாக எடுத்துப் பார்த்திருந்தது. எழுபத்தோராம் நாள், நூற்றுக்கு நூறு. உண்மையான நெருக்கடியிலும் விதியை விட்டு விலகாதவர் என்பதால் மீதி நாட்கள் தேவையில்லை, ஆபரேட்டர், முதல் வகுப்பு. பதிவு உண்மை என்று ஒப்புக்கொண்டு கைரேகை வைத்தால் போதும். இல்லையென்றால் மொத்தப் பதிவும் ரத்து, மறுபடி விண்ணப்பிக்க முடியாது.

பதிவில் பொய் என்று எதுவும் இல்லை. அவள் நின்றாள். மூன்று முறை பார்த்தாள். நாடி எழுபத்திரண்டு.

"சரிதான் சார்" என்றாள் திலகவதி. விரலை வைத்தாள்.

கசிவு இல்லை, டன்னர் மாற்றும்போது வழக்கமாக வரும் மிச்ச வாயுதான் என்று தீர்ப்பானது. ரோசலின் பாதுகாப்பு முகக்கவசத்தைச் சரியாக அணியவில்லை, வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பாகாது என்று எழுதினார்கள். தொட்டியருகே கை கழுவிக்கொண்டிருந்தவர்கள் திலகவதி வந்ததும் குழாயை மூடிவிட்டு நகர்ந்தார்கள். அதற்குப் பிறகு அவளிடம் யாரும், நாளைக்கு நீ, என்று சொல்லவில்லை.

மார்ச் மாதம் அவளும் சாதனாவும் விமானம் ஏறினார்கள்.

வடக்கே அந்தத் துறைமுக ஊரில் காற்றுக்கு ஒரு வாசனையும் இல்லை. இரண்டாம் வாரமே சாதனா இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிட்டு மாடிப்படியில் ஓடி ஏறிக் காட்டினாள். அன்று திலகவதி குளியலறைக்குள் போய் அழுதாள். எதற்காக அழுகிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க அவள் முயலவில்லை.

பிளாண்ட் ஆஸ்பத்திரி போல இருந்தது. பத்தடிக்கு ஒரு மீட்டர், எல்லாம் உயிரோடு இருந்தன. எல்லோர் காதிலும் மொழி மாற்றும் கருவி. அது ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழில் பேசும். அவளுடைய ஷிஃப்டுக்கு மூத்தவன் யோரிஸ் என்பவன். செம்பட்டை மீசைக்காரன், பார்த்ததும் கிண்டல் செய்கிற ஆள்.

"வணக்கம், அம்மணி. முதல் வகுப்பு, நூற்றுக்கு நூறு. நாங்கள் பயந்துபோயிருக்கிறோம்" என்றது அவன் குரலில் காதுக் கருவி. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த மறுநாள் காபி வந்தது. எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். யோரிஸ் மட்டும் எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் ரொட்டியில் வெங்காயம் வைத்துத் தின்றார்கள், அவன் வெறும் ரொட்டியைத் தின்றான். நேற்றெல்லாம் அவன் மேல் அடித்த சென்ட் வாசனை இன்று இல்லை.

திலகவதி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

டன்னர் மாற்றும்போது பார்த்தாள். ஒருவன் வால்வில் குனிந்திருந்தான். எட்டடி தள்ளி, பச்சையாக ஒளிர்கிற மீட்டருக்கு நேர் கீழே, ஸ்பேனரைக் குழாயருகே பிடித்தபடி யோரிஸ் நின்றான். கண் பாதி மூடியிருந்தது.

"மீட்டர்தான் இருக்கே" என்று வேலை முடிந்ததும் கேட்டாள்.

"மீட்டர் அலுவலகத்துக்கு. இது எங்களுக்கு" என்றான் யோரிஸ். "சோதனை செய்ய வருபவர்களிடம் சொல்லமாட்டோம். எழுத்திலும் இல்லை. என் அப்பா காலத்திலிருந்தே இப்படித்தான்." பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இரண்டு வருடத்துக்கு முன்பு உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர் ஒருவர் இங்கே ஹெல்பராக இருந்தார். என்ன மூக்கு! நாங்கள் கால் வைப்பதற்குள் தட்டிவிடுவார். உங்களுக்காகத்தான் காத்திருந்தோம். நாளைக்கு நீங்கள்."

ஸ்பேனரை நீட்டினான்.

அதே எடை. திலகவதி அதை வாங்கிச் சற்று நேரம் வைத்திருந்தாள். பிறகு திருப்பி நீட்டினாள்.

"எனக்கு அது வராது" என்றாள். "இருந்தது. போயிடுச்சு."

கருவி அதை அவர்கள் மொழியில் சொல்லி முடித்தது. சிரிப்பு நின்றது.

"பிறகு எதற்கு உங்களுக்கு முதல் வகுப்பு கொடுத்தார்கள்?"

"அது போனதுக்குத்தான் குடுத்தாங்க."

யோரிஸ் ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். கோபப்படவில்லை. மற்றவர்கள் பக்கம் திரும்பி ஏதோ கேட்டான், அவர்கள் தலையாட்டினார்கள்.

"எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது" என்று தயங்கித் தொடங்கினான்.

"தெரியும்" என்றாள் திலகவதி.

மறுநாள் காலை அவள் வந்து உட்கார்ந்ததும் யாரும் கேட்காமலே ஒரு கோப்பை நிறையக் காபியை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார்கள். ஆவி முகத்தில் பட்டது. ஊதி ஊதிக் குடித்தாள். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு டன்னரிடம் போய்க் குனிந்தாள். முதுகுக்குப் பின்னால் எட்டடியில் யோரிஸ் வந்து நிற்கும் காலடி கேட்டது. முதுகு கூசியது.

தட்டுவான் என்று நினைத்துக்கொண்டு வால்வைக் கால் சுற்றுத் திறந்தாள்.